ஏவறைக் கந்தோர்

உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது என்ற செய்தி 1998ஆம் ஆண்டு மாசி மாதம் வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தது. அந்த நேரம் அங்கே சவர்க்காரம் வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, பற்றரி வரவில்லை, காய்ச்சல் குளிசைகூட எண்ணித்தான் வந்தது. இத்தனையையும் மறித்த ஆமிச் சோதனைச் சாவடியில் இந்தச் செய்தியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்கள். அதோடு சேர்த்து ஒரு மேசை, நான்கு கதிரை, பதினாறு கட்டுப் படிவம், தில்லைநாதன் என்றொரு இணைப்பாளர் ஆகியவையும் வந்து இறங்கின.

சந்திக்குப் பக்கத்தில் பாதிக் கூரை போன பழைய கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு பலகை ஏறியது: 'அசைபோடும் விலங்குகளின் வாயு உமிழ்வைத் தணிக்கும் முன்னோடிச் செயற்றிட்டம்.' மாடு இரைமீட்கும்போது ஏப்பம் விடுகிறது, அந்த ஏப்பத்தில் மீத்தேன் என்றொரு வாயு வெளியே வருகிறது, அது வானத்தில் போர்வை மாதிரி நின்று பூமியை வேகவைக்கிறது என்று தில்லைநாதன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விஷயம் உண்மைதான். வன்னிச் சனம் ஒன்றும் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. ஆனால் ஏப்பத்தை அவர்கள் ஏவறை என்பார்கள், அலுவலகத்தைக் கந்தோர் என்பார்கள். ஆகவே இரண்டாம் நாளே பலகையை வாசிப்பாரில்லை. எல்லாருக்கும் அது ஏவறைக் கந்தோர் ஆகிவிட்டது.

உலகத்தில் எத்தனையோ கோடி மாடு மேய, வன்னி மாட்டை ஏன் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் தில்லைநாதனிடம் பதில் இருந்தது.

"இஞ்ச கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, ஒரு தொழிற்சாலை இல்லை. ஓடுற வாகனமெல்லாம் சைக்கிள். அப்ப காத்தைக் கெடுக்கிறது ஆர்? மாடு ஒண்டுதான் மிச்சம். இப்பிடி ஒரு சுத்தமான ஆய்வுக்களம் உலகத்தில வேற எங்கையும் கிடையாது. கொழும்பில இதைச் சொல்ல, வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கை தட்டினவை."

அவர் இளையதம்பியின் கொட்டிலுக்கு வந்தது ஒரு காலை நேரம். இளையதம்பி நெடுங்கேணியில் மாட்டுப் பட்டி வைத்து வாழ்ந்த மனுஷன். போன வருஷம் வைகாசியில் ஆமி முன்னேறி வர, மனைவி இராசேஸ்வரி, மகள் ராஜினி, மகளின் கைக்குழந்தை, செங்காரி என்ற ஒரு மாடு ஆகியோருடன் ஓடிவந்து, ஆண்டியப்பன் என்பவரின் வளவில் கொட்டில் போட்டிருந்தார். ஐப்பசியில் ராஜினி மலேரியாவில் போய்விட்டாள். வவுனியாவுக்கு மருந்து எடுக்கப்போன மருமகன் போனவன்தான். குழந்தை யதுர்ஷிகா செங்காரியின் பாலில் வளர்ந்துகொண்டிருந்தாள். பால்மா என்ற சாமானை அந்தப் பக்கத்தில் கண்ணால் கண்டு ஆறு மாதம். செங்காரி காலையில் ஒன்றரைப் போத்தலும் பின்னேரம் ஒரு போத்தலும் கறந்தது. குழந்தையின் உயிர் அந்த இரண்டரைப் போத்தலில் நின்றது.

"எத்தினை மாடு?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"நாப்பத்தொண்டு."

தில்லைநாதன் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். செங்காரி ஒன்றுதான் படுத்திருந்து அசைபோட்டது.

"மற்றதுகள்?"

"நெடுங்கேணியில நிக்குதுகள் ஐயா."

இளையதம்பி பொய் சொல்லவில்லை. பட்டிக்காரர் ஓடும்போது மாட்டைக் கட்டிவைத்துவிட்டு ஓடமாட்டார்கள். படலையைத் திறந்து, கயிற்றை அறுத்து, 'போய்ப் பிழையுங்கோ' என்று காட்டுப் பக்கம் திருப்பி விட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மாடுகளைப் பற்றி யாராவது கேட்டால் 'துலைஞ்சுது' என்றோ 'செத்திருக்கும்' என்றோ சொல்லமாட்டார்கள். வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று பயம். 'நிக்குதுகள்' என்பார்கள். ஷெல் விழுந்த காட்டிலும், கண்ணிவெடி விதைத்த வயலிலும், ஆமி முகாமுக்குப் பின்னாலும் வன்னிச் சனத்தின் மாடுகள் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தன.

தில்லைநாதன் நாற்பத்தொன்று என்று எழுதினார். எந்தப் படிவத்தைக் கண்டாலும் அது நிவாரணம் என்று நம்புவது இடம்பெயர்ந்த சனத்தின் பழக்கம். தில்லைநாதனும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. நிவாரண அட்டையின் மூலையில் தன் கந்தோர் முத்திரை விழாவிட்டால் மாவும் பருப்பும் இல்லை என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். இளையதம்பி நாலு பக்க ஒப்பந்தத்தில் நாலு இடத்தில் கையெழுத்து வைத்தார். முத்திரை விழுந்தது.

பங்குனியில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. மாடு வெறும் வைக்கோல் தின்றால்தான் ஏப்பம் கூட என்றும், வைக்கோலுக்கு யூரியாவைக் கரைத்துத் தெளித்து மூன்று கிழமை மூடிக் கட்டிவைத்துக் கொடுத்தால் வாயு குறையும், பாலும் கூடும் என்றும் தில்லைநாதன் விளக்கினார். பால் கூடும் என்றதும் இளையதம்பி நிமிர்ந்து இருந்தார்.

"யூரியா எங்க ஐயா எடுக்கிறது?"

கேட்கக்கூடாத கேள்வி. யூரியாவில் குண்டு செய்யலாம் என்று அரசாங்கம் அதைத் தடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. நெல்லுக்கே கிடையாது.

"அது பாதுகாப்பு அமைச்சின்ர விஷயம்" என்றார் தில்லைநாதன். "எங்கட விஷயம் செய்முறை. செய்முறையை இப்ப பழகி வைச்சிருந்தா, சமாதானம் வந்த உடன ஒரு நாளும் வீணாக்காமத் தெளிக்கலாம்."

ஆகவே அன்றைக்கு யூரியா இல்லாமல் யூரியா வைக்கோல் செய்யும் பயிற்சி நடந்தது. எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு பழைய வெறும் யூரியாச் சாக்கை எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். பிறகு வெறுங்கையை வாளித் தண்ணீருக்குள் விட்டுக் கரைத்தார்கள். ஆண்டியப்பன் அளவுக்குமேல் கரைத்துவிட்டார் என்று தில்லைநாதன் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கச் சொன்னார். நூற்றுக்கு நான்கு வீதம் கரையவேண்டுமாம். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது வைக்கோல் முழுக்கப் பூஞ்சணம். செங்காரி மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடு ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை போனது.

அடுத்தது அளவெடுப்பு. மாட்டின் கழுத்தில் கட்டி மூச்சை உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து, குழாயும் உருளையுமாக இருந்த குற்றத்துக்காகச் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டது. தில்லைநாதன் மனம் தளரவில்லை. வீட்டுக்கொரு கொப்பி கொடுத்தார். காலை ஆறு மணி தொடக்கம் பின்னேரம் ஆறு மணி வரைக்கும் மாட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, ஏவறைக்கு ஒரு கோடு போடவேண்டும். பெரிய ஏவறைக்குப் பெரிய கோடு, சின்னதுக்குச் சின்னது.

"அப்ப நெடுங்கேணியில நிக்கிற நாப்பதுக்கும்?" என்று கேட்டார் இளையதம்பி.

"செங்காரியின்ர கோட்டை நாப்பதால பெருக்குங்கோ. இதென்ன பெரிய காரியமே?"

இளையதம்பி பெருக்கினார். அறுபது வயதில், மாட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்கக் குந்தியிருக்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கோடு இல்லாவிட்டால் முத்திரை இல்லை, முத்திரை இல்லாவிட்டால் மா இல்லை. செங்காரியும் முதல் இரண்டு நாள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தது, பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் தில்லைநாதன் கொப்பி பார்க்க வந்த நேரம் குண்டு போடும் கிபிர் விமானம் வந்துவிட்டது. எல்லாரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்கள். குழந்தையை நெஞ்சோடு பொத்திக்கொண்டு இராசேஸ்வரி, அவளுக்குப் பின்னால் இளையதம்பி, ஆண்டியப்பன், கடைசியாகப் படிவக் கட்டோடு தில்லைநாதன். இரண்டு குண்டு குளக்கட்டுப் பக்கம் விழுந்தது. மண் கொட்டியது. சத்தம் அடங்கியதும் ஆண்டியப்பன் தலையை நீட்டி மேலே பார்த்தார். அவர் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு அடிபட்டு வந்து, இருபது வருஷம் வன்னியில் மாடு மேய்த்தவர். மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர்.

"ஏங்க ஐயா, இம்புட்டுப் பொகையும் வானத்துக்குத்தானே போவுது? இதையும் எழுதுவாங்களா?"

"அது தற்காலிக உமிழ்வு" என்றார் தில்லைநாதன், சேட்டில் இருந்த மண்ணைத் தட்டியபடி. "திட்டத்துக்குள்ள வராது. மாடுதான் நிரந்தரம்." பிறகு கொப்பியைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார். "இளையதம்பி, பத்து மணி பத்தில இருந்து பன்ரண்டு நிமிஷம் ஒரு கோடும் இல்லை. குண்டு விழுகுது எண்டதுக்காக மாடு ஏவறை விடாம இருக்குமே?"

வைகாசியில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு மாட்டுக்காரரும் தன் உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும். யூரியாவால் குறைக்க முடியாதவர்கள் மாட்டால் குறைக்கவேண்டும். தில்லைநாதன் இளையதம்பியைக் கந்தோருக்குக் கூப்பிட்டு எதிரில் இருத்தினார்.

"உங்கட பங்கு எட்டுத் தசம் ரெண்டு மாடு. தசத்தை உங்களுக்காக விட்டுத்தாறன். எட்டு மாடு குறைக்கோணும்."

"அப்ப எட்டையும் நெடுங்கேணியில குறையுங்கோ ஐயா."

"அங்க போக ஏலாதே. கைக்கெட்டின உமிழ்விலதான் கை வைக்கலாம். உங்களிட்டக் கைக்கெட்டினது ஒண்டு. அந்த ஒண்டைத் தாங்கோ. மிச்சம் ஏழுக்குத் தவணை போட்டுத் தாறன்."

மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்கள். இங்கே மாடு மிதிக்கவில்லை, பாவம், அது பால் கறந்துகொண்டிருந்தது. மாட்டின் பெயரில் ஒரு கந்தோர் ஏறி மிதித்தது.

"ஐயா, தாயில்லாப் பிள்ளை அந்தப் பாலைத்தான் குடிக்குது."

"எனக்கு விளங்காதே? நானும் பிள்ளைகுட்டிக்காரன். இந்தத் திட்டமே உங்கட பேத்தியின்ர எதிர்காலத்துக்குத்தானே. இன்னும் அம்பது வருஷத்தில அவ வெக்கையில கஷ்டப்படக்கூடாது."

"அம்பது வருஷம் இருக்கிறதெண்டா இந்தக் கிழமை பால் குடிக்கோணுமே ஐயா."

"அது வேற திணைக்களம்" என்றார் தில்லைநாதன்.

செங்காரியைக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள் என்று இளையதம்பி கேட்டார். தில்லைநாதன் நெற்றித் திருநீறு சுருங்கக் கண்ணை மூடினார். "நான் சுத்த சைவம். வெட்டு எண்ட சொல்லை என்ர படிவத்தில ஒரு இடத்திலையும் காணமாட்டியள். 'இறுதி உமிழ்வு நீக்கம்' எண்டுதான் போட்டிருக்கு. இறைச்சிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவினம்."

இளையதம்பி எழும்பவில்லை. அழவும் தெரியவில்லை. அப்படியே இருந்தார். கந்தோர் பூட்டும் நேரம் வரைக்கும் ஒரு மனுஷன் அப்படி இருந்தால் யாருக்கும் சங்கடம்தானே. தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. அந்த நாப்பதும் செத்துப்போச்சு எண்டு ஒரு சத்தியக் கடதாசி தாங்கோ. அப்ப உங்கட குறைப்பு எட்டில்லை, நாப்பது. செங்காரியில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் இராசேஸ்வரி அகப்பையை ஓங்கிவிட்டாள். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நிக்கிற மாட்டைச் செத்தது எண்டு எழுதிறதோ? அது பிள்ளையின்ர சீதனம். நாங்கள் திரும்பிப் போகேக்க அதுகள் எங்களுக்கு முன்னால படலையில வந்து நிக்கும்." மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் கந்தோரிலிருந்து இரண்டு பேர் வந்து செங்காரியின் கொம்புகளுக்குச் சிவப்பு மை பூசிவிட்டு, வெள்ளிக்கிழமை வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரம் பால் கறந்துகொண்டிருந்தவள், திரும்பிப் பாராமலே சொன்னாள்: "எழுதுங்கோ."

மாட்டுக்கொரு படிவம். பெயர், நிறம், வயது, குறி, இறந்த காரணம். குறி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: வலது தொடையில் ஒரு சூலமும் 'இ' என்ற எழுத்தும், அவரே கையால் சுட்டது. காரணத்துக்கு மூன்று கட்டம் போட்டிருந்தது: நோய், முதுமை, விபத்து.

"ஷெல் எண்டு போடலாமோ ஐயா?"

"அது அரசியல். விபத்து எண்டு போடுங்கோ. ஆனா நாப்பதுக்கும் விபத்து எண்டு போட்டா கொழும்பில சந்தேகப்படுவினம். கொஞ்சத்துக்கு நோய்வருத்தம் குடுங்கோ. கொஞ்சத்தை வயசில சாகடியுங்கோ."

இளையதம்பி படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, வேப்பமரத்துக்குக் கீழே சாக்கைப் போட்டுக்கொண்டு இருந்து மாடுகளைச் சாகடிக்கத் தொடங்கினார். பட்டிக்கு முன்னால் நடக்கும் முறிகொம்பிக்கு முதுமை கொடுத்தார். சண்டைக்கார நாம்பன் காளைக்கு விபத்து. பிறந்து பதினைந்தாம் நாள் விட்டுவிட்டு வந்த ஒரு கன்றுக்கு முதுமை எழுத முடியவில்லை. நோய் என்று எழுதினார். எழுதிவிட்டு, என்ன நோயாக இருக்கும் என்று யோசித்து, வயிற்றோட்டம் என்று முடிவுசெய்தார். அதற்கு நேரத்தோடு மருந்து அரைத்துக் கொடுத்திருந்தால் தப்பியிருக்குமே என்று நினைத்தார். இருபத்தேழாவது மாட்டில் அவர் அழுதுவிட்டார். ஆண்டியப்பன்தான் மிச்சம் பதின்மூன்றையும் எழுதிக் கொடுத்தார். ஆமிக்காரன்கூட நாற்பது மாட்டையும் ஒரே நாளில் கொன்றிருக்கமாட்டான், நான் கொன்றுவிட்டேன் என்று இளையதம்பி சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஆனியில் பாராட்டு விழா. தோரணம் கட்டி, கொழும்பிலிருந்து வந்த வாழ்த்துக் கடிதத்தை வாசித்து, இளையதம்பியின் கழுத்தில் மாலை போட்டார்கள். தில்லைநாதன் கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"யுத்தம், இடப்பெயர்வு, பட்டினி, மலேரியா எண்டு இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும் நாங்கள் இதுவரைக்கும் அதுகளைச் சரியாப் பயன்படுத்தேல்லை. இண்டைக்கு இந்த எளிய மனிதர் ஒரு பிடி யூரியா இல்லாமல், ஒரு கருவி இல்லாமல், தன்ர உமிழ்வைத் தொண்ணூற்றேழு தசம் ஐந்து ஆறு வீதம் குறைச்சுக் காட்டியிருக்கிறார். பணக்கார நாடுகள் செய்ய ஏலாததை நெடுங்கேணி செய்திருக்கு. அந்த நாடுகளுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான்: எங்களைப் பாத்துப் பழகுங்கோ!"

சனம் கை தட்டியது. பரிசாக ஒரு சுவர்மணிக்கூடு கொடுத்தார்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான் என்பதால் அது நாலேகால் மணியில் நின்றது.

அடுத்த நாள் விடிய ஏவறைக் கந்தோர் வாசலில் வரிசை. எல்லாரும் தங்கள் தங்கள் மாடுகளைச் சாகடிக்க வந்திருந்தார்கள். ஒரு கிழமைக்குள் ஆறாயிரத்துச் சொச்சம் மாடு செத்தது. படிவம் முடிந்துபோய், இளங்கன்றுகளைப் பழைய கடதாசியின் பின்பக்கத்தில் சாகடித்தார்கள். தில்லைநாதனுக்குப் பதவி உயர்வு வருகிறது என்று பேச்சு. இதெல்லாம் இளையதம்பிக்கு வேண்டாத கதை. செங்காரியின் கொம்பில் இருந்த சிவப்பைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் கழுவினார். பிள்ளை நடக்கப் பழகியது. அது போதும் என்றிருந்தார்.

ஆவணிக் கடைசியில் காடெல்லாம் காய்ந்தது. நெடுங்கேணிப் பக்கத்துக் குளங்கள் வற்றியிருக்கவேண்டும். ஒரு நாள் மத்தியானம் ஆண்டியப்பன் தலைத் துண்டு அவிழ்ந்து தொங்க ஓடிவந்தார்.

"அண்ணே! ஒங்க மாடுங்க! முத்தையன்கட்டுக் கொளத்துல தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிதுங்க. பதினொண்ணு! முறிகொம்பிதான் முன்னுக்கு. சூலக் குறியத் தொட்டுப் பாத்துட்டேன் அண்ணே!"

பதினைந்து மாதம். இரண்டு பக்கக் காவலரணையும், கண்ணிவெடியையும் தாண்டி, தண்ணீரை மோப்பம் பிடித்துப் பதினொரு மாடு தாங்களாகவே நடந்து வந்திருந்தன. இராசேஸ்வரி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று சிரித்தாள். ராஜினி போன பிறகு அவள் சிரித்து அவர் கண்டதில்லை. "நான் சொன்னனான்தானே நிக்குதுகள் எண்டு" என்று மூன்று தரம் சொன்னாள். இளையதம்பி சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

அதற்கிடையில் ஆண்டியப்பனின் சந்தோஷம் ஒரு பிழை விட்டுவிட்டது. மாடு தொலைந்து கிடைத்தால் ஊரறிய ஓட்டிவருவது வழக்கம். அவர் இளையதம்பியிடம் ஓடிவந்த நேரம், குளத்தடியில் நின்ற ஆட்கள் மாடுகளைக் கூவிக்கொண்டு பெருந்தெருவால் சாய்த்து வந்தார்கள். அப்படிச் சாய்க்கச் சொல்லிவிட்டு வந்ததே ஆண்டியப்பன்தான். பெருந்தெரு ஏவறைக் கந்தோர் வாசலால்தான் போகிறது.

இளையதம்பி போய்ச் சேர்ந்தபோது மாடுகள் கந்தோர் வளவுக்குள் முட்கம்பிக்குப் பின்னால் நின்றன. விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தன. தில்லைநாதன் வாசலில் மேசை போட்டு, இரண்டு சாட்சிகளை இருத்தி, புதுப் படிவம் விரித்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு கவலைதான்.

"இளையதம்பி, யோசிச்சுக் கதையுங்கோ. இந்த மாடுகள் செத்தது எண்டு உலகத்துக்குச் சொல்லியாச்சு. அறிக்கை அச்சடிச்சுப் போட்டுது. இப்ப இது உங்கட எண்டு சொன்னா, நீங்கள் பொய்ச் சத்தியம் பண்ணினதாப் போகும். ஒப்பந்தத்தில ஒன்பதாம் பிரிவு. கைவசம் உள்ள எல்லா மாடும் பறிமுதல். இந்தப் பதினொண்டும், செங்காரியும்."

"என்ர பேர்ல எழுதுங்க ஐயா" என்று கூடவே வந்திருந்த ஆண்டியப்பன் இடையில் புகுந்தார். "எனக்குத்தான் ஒரு மாடும் இல்லையே."

"அதுதான் பிரச்சினை. உங்கட உமிழ்வு பூச்சியம். பூச்சியத்தில இருந்து பதினொண்டுக்குப் போனா எத்தினை வீதம் கூடினது எண்டு கணக்கிலேயே சொல்ல ஏலாது. கணக்கில சொல்ல ஏலாத குற்றத்தை நான் எப்பிடி அனுமதிக்கிறது?"

"ஆருமே இல்லை எண்டா இதுகளை என்ன செய்வியள்?" என்று கேட்டார் இளையதம்பி.

"உரித்தாளர் இல்லாத உமிழ்வு" என்றார் தில்லைநாதன். வளவின் மூலையைப் பார்த்தார். அங்கே இறைச்சிக்காரர் இரண்டு பேர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

இளையதம்பியின் குரல் கேட்டதுமே முறிகொம்பி தலையைத் தூக்கிவிட்டது. மற்றவற்றை இடித்துக்கொண்டு கம்பியடிக்கு வந்தது. கம்பிக்கு மேலால் கழுத்தை நீட்டி, அவருடைய தோள்மூட்டை நக்கத் தொடங்கியது. நாக்கின் அரம் சேட்டுக்கு மேலாலும் தெரிந்தது. பட்டியடைக்கும் நேரம் வியர்வை உப்புக்காக அது எப்போதும் நக்குகிற இடம் அது.

தில்லைநாதன் பேனையைத் திறந்தார். "இந்த மாடுகள் உங்களுடையதோ?"

செங்காரியின் இரண்டரைப் போத்தல் பால் இளையதம்பியின் கண்ணுக்கு முன்னால் நின்றது. பதினொரு மாட்டுக்கும் தெரிந்த ஒரே மனுஷன் அவர்தான். அவர் கையை எடுத்து முறிகொம்பியின் தாடையைத் தள்ளிப் பார்த்தார். அது போகவில்லை.

"இல்லை ஐயா."

"சாட்சிகளுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"என்ர இல்லை. என்ர மாடெல்லாம் செத்துப்போச்சு."

முறிகொம்பி நக்கிக்கொண்டே இருந்தது. தில்லைநாதன் அதைப் பார்த்துவிட்டு, பாராத மாதிரிக் குனிந்து, 'உரித்தாளர் இல்லை, குறி தெளிவில்லை' என்று எழுதினார். இறைச்சிக்காரர் சைக்கிளை நிமிர்த்தினார்கள். இளையதம்பி தோளை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பின்னால் முதலில் ஒன்று கத்தியது, பிறகு எல்லாம் கத்தின. சாட்சிகள் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இராசேஸ்வரி முற்றம் முழுக்கக் கூட்டி, மாடு கட்டக் கட்டைகள் அடித்து, வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். அவரைத் தனியே கண்டதும் ஒழுங்கைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எங்க மாடுகள்?"

"அது எங்கட இல்லையப்பா. வேற ஆற்றையோ."

"ஆண்டியப்பன் குறியைத் தொட்டுப் பாத்தவராம்."

"அந்தாளுக்கு என்ன தெரியும்? எங்கட செத்துப்போச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். வலது தோளில் சேட்டு நனைந்து, எச்சிலும் புல்லுமாக ஒட்டியிருந்தது.

"சேட்டைக் கழட்டித் தாங்கோ" என்றாள்.

கழற்றிக் கொடுத்தார். தோய்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார். அவள் அதைச் சுருட்டி முகத்தில் அழுத்தி மணந்து பார்த்தாள். பிறகு அப்படியே, அடித்துவைத்த கட்டைகளுக்கு நடுவில், நிலத்தில் இருந்துவிட்டாள். கொட்டிலுக்குள் பிள்ளை பசியில் சிணுங்கத் தொடங்கியது. இளையதம்பி போத்தலை எடுத்துக்கொண்டு செங்காரியிடம் போனார்.